கோடியக்கரையில கைடு வச்சு அரை நாள்: எல்லாரும் கேக்கற கேள்விகள்

எங்க அம்மா ஊரு ஆயக்காரன்புலம், வேதாரண்யத்துக்குப் பக்கம். அதனால சொந்தக்காரங்க, ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு கோடியக்கரை போகணும்னு தோணின எல்லாரும் எனக்குத்தான் போன் போடறாங்க. ஐப்பசி பொறந்துட்டா போதும், ஆளுதான் மாறும், கேள்வி அதேதான். நான் எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணுதான், ஊர்க்கார கைடு ஒருத்தர வச்சுக்கிட்டு தனி டூரா போங்க. அதுக்கு மேல கேக்கறதுக்கெல்லாம் பதில ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். கேள்வியெல்லாம் அவங்க கேட்ட மாதிரியே இருக்கு.

கோடியக்கரைன்னா எங்க இருக்கு, அங்க அப்படி என்னதான் இருக்கு?

தமிழ்நாட்டு மேப்ப எடுத்துப் பாருங்க, சென்னையிலேர்ந்து நேரா தெக்க இறங்கி வர்ற கடற்கரை ஒரு இடத்துல சட்டுனு மேற்க திரும்பும், அந்த முனைதான். ஒரு பக்கம் வங்காள விரிகுடா, இன்னொரு பக்கம் பாக் நீரிணை. நாகப்பட்டினம் மாவட்டம், வேதாரண்யத்துலேர்ந்து தெக்க பத்து கிலோமீட்டர் சொச்சம்.

1967ல இத சரணாலயமா அறிவிச்சாங்க, முக்கியமா வெளிமானுக்காக, இங்கிலீஷ்ல பிளாக்பக். 2002ல ராம்சார் பட்டியல்ல சேந்துச்சு, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு அர்த்தம், 2022 வரைக்கும் தமிழ்நாட்டுலேர்ந்து அந்தப் பட்டியல்ல இருந்தது இது ஒண்ணுதான். கடல், மணல் மேடு, புல்வெளி, எப்பவும் பச்சையா இருக்கற குட்டை மரக் காடு, சேத்து நிலம், உப்பளம்னு இத்தனையும் ஒரு காலை நேரத்துக்குள்ள சுத்தி வந்துடற தூரத்துல இருக்கு. தமிழ்நாட்டுல வேற எங்க இப்படிக் கிடைக்கும்னு யோசிச்சுப் பாத்தேன், எனக்கு ஒண்ணும் தோணல.

தனி டூர்னு சொல்றீங்களே, அது பேக்கேஜ் டூர் மாதிரியா?

இல்ல. உங்க ஆளுங்க மட்டும், ஒரு வண்டி, கூட ஊர்க்காரர் ஒருத்தர். விடியறதுக்கு முன்னாடி கிளம்பி பதினோரு மணிக்குள்ள முடிச்சுடலாம். வேற குடும்பத்துக்காக காத்திருக்க வேண்டாம், யாரும் "சீக்கிரம் ஏறுங்க"ன்னு கத்த மாட்டாங்க, ஒரு பறவையப் பாத்துக்கிட்டு இருபது நிமிஷம் நின்னாலும் கேக்க ஆளில்ல. காட்டுல இது பெரிய விஷயம், ஏன்னா முப்பது பேர் இறங்கி வண்டிக் கதவ டம்முன்னு சாத்தினா அங்க இருக்கறது பூரா எழுந்து பறந்துடும்.

கைடு எதுக்கு? போன்ல மேப் இருக்கு, போர்டு இருக்கு, நாங்களே பாத்துக்க மாட்டோமா?

நானும் அப்படித்தான் நெனச்சேன். முத தடவை ஒரு டிராவல்ஸ்ல வேன் பிடிச்சுக் குடும்பத்தோட போனோம். டிரைவர் கொண்டு போய் சேத்தப்ப மணி ஒன்பதரை, வெயில் ஏறிடுச்சு, ராமர் பாதம், கலங்கரை விளக்கம், கடல், மூணு எடத்துல இறக்கி ஏத்தி "அவ்வளவுதான் சார்"னுட்டார். தூரத்துல ரெண்டு மான், நிறைய கொரங்கு. இதுக்கா இவ்வளவு தூரம்னு என் மனைவி கேட்டப்ப எங்கிட்ட பதில் இல்ல.

அடுத்த வருஷம் கோடியக்காட்டுக்காரர் ஒருத்தர கூட்டிக்கிட்டுப் போனேன். புல்வெளி ஓரத்துல ஒரு முள்ளுச் செடிகிட்ட உக்காந்து ஒரு குச்சி நுனியக் காட்டினார், மிளகு சைஸ்ல கருப்பா பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. வெளிமான்ல ஆண் மானுக்கு கண்ணுக்கு முன்னாடி ஒரு சுரப்பி இருக்கு, அதுலேர்ந்து வர்றத குச்சி நுனியில தேச்சு "இது என் எடம்"னு அடையாளம் வைக்குமாம். நாலடி தள்ளி புழுக்கை குமிச்சு கிடந்துச்சு, அதுவும் அதே ஆண் மான் அதே எடத்துல வந்து வந்து போட்டது, வேலிக்கல்லு மாதிரி. "இது புதுசு, ஆளு இங்கதான் இருக்கணும்"னு சொல்லிட்டு சும்மா உக்காந்தார். பத்து நிமிஷத்துல வந்துச்சு. முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, முறுக்கின கொம்பு, மூக்க வானத்தப் பாத்து தூக்கிக்கிட்டு ஒரு நடை நடந்துச்சு பாருங்க. முத வருஷமும் அந்த மான் அங்கதான் இருந்திருக்கும், பாக்கத் தெரியாம போயிட்டோம்.

எந்த மாசம் போகலாம்?

நவம்பர் கடைசிலேர்ந்து பிப்ரவரி வரைக்கும். பறவைங்க அக்டோபர்லயே வர ஆரம்பிச்சுடும், ஆனா அக்டோபர் நவம்பர்ல புயல் சின்னம் எப்ப வரும்னு சொல்ல முடியாது, டிக்கெட் போட்டு கேன்சல் பண்றவங்க நிறைய. மார்ச்லேர்ந்து பறவைங்க திரும்பக் கிளம்பிடும். மே ஜூன்ல மான் மட்டும் பாக்கலாம், ஆனா அந்த வெயில்ல உங்களுக்கும் கஷ்டம், தண்ணி தேடி அலையற மானுக்கும் கஷ்டம், அப்ப போயி தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு நான் சொல்லுவேன்.

ஒரு முக்கியமான விஷயம், ஆடி அமாவாசை தை அமாவாசை ரெண்டு நாளும் கோடியக்கரை ஆதிசேதுல கடல்ல முழுக்கு போட பெருங்கூட்டம் வரும். முழுக்குக்கு வர்றீங்கன்னா அது வேற, பறவை பாக்கன்னா அந்த நாளையும் முன்னப்பின்ன ஒரு நாளையும் விட்டுடுங்க.

காலையா சாயங்காலமா, எது நல்லது?

காலைதான். அகஸ்தியம்பள்ளி தாண்டினதும் ரோட்டுக்கு மேற்க உப்பளமும் சேத்து நிலமுமா கண்ணுக்கெட்டின வரைக்கும் கிடக்கும், காலையில சூரியன் நம்ம முதுகுக்குப் பின்னாடி, பறவை மேல வெளிச்சம் நேரா விழும். சாயங்காலம் அதே எடத்துல நின்னா எல்லாமே கருப்பு நிழல்தான், கொக்கா நாரையான்னுகூட தெரியாது. அதோட நேரம் ஆக ஆக கடல் காத்து ஏறும், வெயில் ஏறினா தண்ணிக்கு மேல அனல் ஆடும், பைனாகுலர்ல பாத்தாலும் உருவம் நெளியும்.

அதனால முத நாள் ராத்திரியே வேதாரண்யம் வந்து தங்கிடுங்க, அஞ்சரைக்கு வண்டி கிளம்பணும். தஞ்சாவூர்லேர்ந்து விடியக்காலம் கிளம்பி வந்துடறோம்னு சொல்றவங்க பாதிப் பேர் எட்டு மணிக்குத்தான் வந்து சேர்றாங்க. கோடியக்கரையிலயே வனத்துறை தங்கும் விடுதி பூநாரை இல்லம் இருக்கு, எடம் கிடைச்சா அத விட வசதி இல்ல, முன்கூட்டியே வனத்துறைல பேசி வச்சுக்கணும்.

அரை நாள்ல எதெல்லாம் பாக்கலாம்? வரிசையா சொல்லுங்க, பிளான் போடணும்.

முதல்ல சேத்து நிலமும் உப்பளமும். ஆறு மணி சுமாருக்கு வண்டிய ஓரங்கட்டிட்டு இறங்காம கண்ணாடிய இறக்கிப் பாக்கணும், இங்க வண்டிய விட மனுஷனப் பாத்தாத்தான் பறவைக்கு பயம். தூரத்துல வெள்ளையும் ரோஸும் கலந்த கோடு மாதிரி தெரிஞ்சா பூநாரை, அதான் ஃபிளமிங்கோ. கிட்டக்க, கரை ஓரமாவே, உள்ளானுங்க, சேத்துல இரை தேடற சின்னப் பறவைங்க. கொசு உள்ளான்னு ஒண்ணு இருக்கு, எடை முப்பது கிராம்கூட வராது, ஆர்க்டிக் பக்கம் முட்டை வச்சுக் குஞ்சு பொரிச்சுட்டு குளிருக்கு இங்க வருது. சேத்துல ஓடி ஓடி, பாட்டி மொறத்துல அரிசி வச்சுக்கிட்டு கல்லு பொறுக்குவாங்களே அந்த வேகத்துல கொத்திக்கிட்டே இருக்கும், தலைய நிமித்தவே நிமித்தாது. எல்லாரும் பூநாரை பூநாரைன்னு கேக்கறாங்க, எனக்கு அந்த ஊர்ல ரொம்பப் புடிச்சது இந்தச் சின்ன பறவைதான், உள்ளங்கைல வச்சா எடம் மிச்சம் இருக்கும், அது ரஷ்யாவோட வடகோடிப் பக்கத்துலேர்ந்து வந்திருக்கு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரங்க பல வருஷமா இங்க பறவை காலுல வளையம் மாட்டி அனுப்பறாங்க, அது எங்கேர்ந்து வருது எங்க போகுதுன்னு தெரிஞ்சுக்கறது அப்படித்தான். காலுல வளையம் இருக்கற பறவை கண்ணுல பட்டா கைடுகிட்ட சொல்லுங்க.

ஏழரை வாக்குல காட்டுக்குள்ள. பாலை மரம் நிறைய, உசரம் கம்மி, காத்துக்கு வளைஞ்சு நிக்கும். புள்ளிமான், காட்டுப்பன்னி, நரி எல்லாம் உண்டு. நடுவுல ராமர் பாதம், இந்தத் தட்டை நிலத்துல அதுதான் உசந்த மேடு, அதுவே நாலு மீட்டர் போலத்தான், ராமர் இங்க நின்னு இலங்கையப் பாத்தார்னு நம்பிக்கை. அங்கேர்ந்து புல்வெளிக்குப் போய் வெளிமான், இதுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்க, ஓட வேண்டாம்.

கடைசியா கடற்கரை. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம்னு செங்கல் கட்டடம் ஒண்ணு நின்னுச்சு, 2004 சுனாமில விழுந்துடுச்சு, இப்ப மிச்சம் கொஞ்சம் செங்கல் மேடுதான். பருவத்துல பல ஊர் மீனவக் குடும்பங்க வந்து கீத்துக் கொட்டகை போட்டு தங்கித் தொழில் பண்ணுவாங்க, மணல்ல கருவாடு காயும், அந்தப் பக்கம் ஆலாவும் கடற்காக்காவும் வட்டம் போட்டுக்கிட்டே இருக்கும். பத்தரை பதினோரு மணிக்கு முடிஞ்சிடும். திரும்பற வழியில அகஸ்தியம்பள்ளில உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண்ல அஞ்சு நிமிஷம் நில்லுங்க, 1930 ஏப்ரல்ல ராஜாஜி திருச்சியிலேர்ந்து தொண்டர்களோட நடந்து வந்து உப்பு அள்ளினது அங்கதான்.

பூநாரை கண்டிப்பா பாக்க முடியுமா? பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், ஏமாந்துடுவா.

கண்டிப்பான்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க. பூநாரைக்கு முழங்கால் அளவு தண்ணி வேணும், தலைய தலகீழா கவுத்து தண்ணிய வடிகட்டித் திங்கற பறவை அது. மழை ஜாஸ்தியாகி தண்ணி ஆழமாயிட்டா வேற எடம் போயிடும், மழையே இல்லாம சேறு காஞ்சுட்டாலும் போயிடும். இந்தப் பக்கம் கடல் ஏத்த வத்தம் பெரிய அளவு இருக்காது, மழைத் தண்ணியும் காத்தும்தான் முடிவு பண்ணும். அதான் கைடுக்கு ரெண்டு நாள் முன்னாடி போன் போட்டு "தண்ணி எப்படி இருக்கு, கூட்டம் எங்க நிக்குது"ன்னு கேக்கறது. முன்ன வந்த எண்ணிக்கைக்கு இப்ப வர்றது குறைச்சல்னு ஊர்ல பெரியவங்க எல்லாருமே சொல்றாங்க, மனசுக்கு வேதனையா இருக்கு.

பொண்ணுகிட்ட இதையும் சொல்லி வைங்க, கூட்டத்துல சாம்பல் கலர்ல இருக்கறதும் பூநாரைதான், வயசுல சின்னது. திங்கற பாசி, குட்டி இறால்லேர்ந்துதான் அந்த ரோஸ் கலர் ஏறும், அதுக்கு சில வருஷம் ஆகும். குழந்தைங்களுக்கு இது ரொம்பப் புடிக்கும்.

பைனாகுலர் வாங்கணுமா? போன் கேமரா போதாதா?

பறவைக்கு போன் போதாது, புள்ளி புள்ளியாத்தான் வரும். 8x42ன்னு போட்டிருக்கற பைனாகுலர் ஒண்ணு குடும்பத்துக்குப் போதும், யார்கிட்டயாவது கடன் வாங்குங்க. சில கைடுங்க சொந்தமா வச்சிருக்காங்க, முன்னாடியே கேட்டுக்குங்க.

டிரஸ், சாப்பாடு, பாத்ரூம் எல்லாம் எப்படி?

மண் கலர், இலைப் பச்சை, வெளிர் நிறம் எதுனாலும் சரி, பளிச்சுனு செவப்பு மஞ்சள் வேண்டாம். முழுக்கை சட்டை, கொசு இருக்கு. பழைய ஷூ போடுங்க, செருப்புன்னா சேறு உருவிக்கும், அதோட முள்ளு. குடிக்கற தண்ணிய ஆளுக்கு ரெண்டு லிட்டர், திரும்பக் கொண்டு வர்ற பாட்டில்ல. காலைப் பலகாரம் முத நாளே சொல்லி வச்சு பொட்டலம் கட்டி வாங்கிக்குங்க, ஆனா காட்டுக்குள்ள பிரிக்காதீங்க, கொரங்கு பையோட தூக்கிட்டுப் போயிடும். பாத்ரூம் வேதாரண்யத்துலயே போயிட்டு வந்துடறது உத்தமம், பொம்பளைங்க கூட வந்தா இத கைடுகிட்ட கூச்சப்படாம முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க.

அம்மாவுக்கு முட்டி வலி, பையனுக்கு அஞ்சு வயசு. கூட்டிட்டு வரலாமா?

தாராளமா. தனியா போறதோட வசதியே அதான். சேத்து நிலத்துல நான் சொன்ன மாதிரி வண்டிக்குள்ள உக்காந்தே பாக்கறதுதான் சரியான முறை, அம்மாவுக்கு அதுல ஒரு குறையும் வராது. நிலம் பூரா தட்டை, ஏத்தம் கிடையாது, ஆனா மணல்ல நடக்கறது முட்டிக்கு ஆகாது, புல்வெளிக்கும் கடலுக்கும் வண்டி எவ்வளவு தூரம் கிட்ட போகும்னு கைடுகிட்ட கேளுங்க. பையன ரெண்டு மணி நேரத்துக்கு மேல அமைதியா வச்சிருக்க முடியாது, அவனுக்காக கடற்கரைய கொஞ்சம் சீக்கிரம் வச்சுக்குங்க, நண்டு வளை பாத்தா அவனே உக்காந்துடுவான். கடல்ல மட்டும் இறங்க விடாதீங்க.

கைடு எங்க கிடைப்பார், எவ்வளவு கேப்பாங்க?

வனத்துறை ஆபீஸ்ல கேட்டா ஊர்க்காரங்க யாரையாவது சொல்லுவாங்க, அதுதான் முறையான வழி. சரணாலயத்துக்குள்ள போக அனுமதிச் சீட்டு தனி, வண்டிக்கு தனி, கேமராவுக்கு தனி, ரசீது வாங்கிக்குங்க. கைடுக்குக் குடுக்கறது இதுல சேராது. போன்லயே மூணு விஷயம் தெளிவா பேசிடுங்க: எத்தனை மணிலேர்ந்து எத்தனை மணி, வண்டி யாருது, சீட்டு காசு யார் கட்டறது.

பேரம் பேசறது உங்க இஷ்டம், என் கருத்தச் சொல்றேன். ஹோட்டல் ரூமுக்கு ரெண்டாயிரம் யோசிக்காம குடுக்கறோம், அஞ்சு மணிக்கு எழுந்து வந்து வாழ்நாள் பூரா பாத்துப் பாத்து சேத்து வச்ச அறிவக் காட்டறவர்கிட்ட நூறு ரூபாய்க்கு மல்லுக்கட்டறது சரியா படல. அந்தக் காசு ஊருக்குள்ள போனாத்தான் காடு இருக்கறதுல ஊருக்கு ஒரு லாபம்னு இருக்கும்.

நல்ல கைடுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

போன்ல "எல்லாம் காட்டறேன் சார், கிட்டப் போய் போட்டோ எடுக்கலாம்"னு சொன்னா வேண்டாம். "காலையில வாங்க, தண்ணியப் பாத்து முடிவு பண்ணலாம்"னு சொல்றவர புடிச்சுக்குங்க. வந்த பிறகு ஒரு அடையாளம், நல்லவர் கம்மியா பேசுவார், நிறைய நிப்பார். பறவைய பறக்க வச்சுக் காட்டறேன்னு கை தட்டினாலோ கல்லு விட்டாலோ உடனே நிறுத்தச் சொல்லுங்க, அது தின்னு சேத்து வச்ச கொழுப்புலதான் திரும்ப அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பறக்கணும், நம்ம போட்டோவுக்காக அதச் செலவு பண்ண வைக்கக் கூடாது.

வெளிமான் பக்கத்துல போயி போட்டோ எடுக்கலாமா? ட்ரோன் கொண்டு வரலாமா?

ட்ரோன் அனுமதி இல்லாம கூடவே கூடாது. வெளிமான் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முத அட்டவணைல இருக்கு, தொரத்தினா அதுவே குத்தம். தூரம் எவ்வளவுன்னு அடிக்கணக்கு கேக்கறாங்க, மானே சொல்லும்: மேயறத நிறுத்திட்டு தலைய நிமித்திப் பாத்தா நீங்க தாண்டிட்டீங்க, ரெண்டடி பின்னாடி வந்து உக்காருங்க. உக்காந்தவங்ககிட்ட அதுவா வர்றத நான் மேல சொன்ன கதையில பாத்தீங்கல்ல.

குதிரை ஒண்ணு வீடியோல பாத்தேன், அது காட்டுக் குதிரையா?

வளத்து விட்டு, தலமுறை தலமுறையா தானா பெருகின மட்டக் குதிரை. கடல் ஓரத்துல ஓடறப்ப பாக்க அழகுதான், ஆனா வெளிமான் மேயற புல்லத்தான் அதுவும் மேயுது, சீமைக் கருவேலக் காயத் தின்னு சாணில விதையப் பரப்புது. சீமைக் கருவேலம் புல்வெளிய மூட மூட மானுக்கு எடம் சுருங்குது. தீனி எதுவும் போடாதீங்க.

ஆமை முட்டை வைக்கறதப் பாக்க முடியுமா?

பங்குனி ஆமை ஜனவரிலேர்ந்து மார்ச் வரைக்கும் ராத்திரில கரையேறும், ஒரு குழிக்கு நூறு முட்டை சுமாரு. ராத்திரி அங்க சுத்த நமக்கு அனுமதி இல்ல, காலை டூர்ல அது வராது. வனத்துறை முட்டைய எடுத்து பொரிப்பகத்துல வச்சு, ஒன்றரை மாசம் சொச்சத்துல பொரிஞ்சதும் குஞ்ச கடல்ல விடறாங்க, மார்ச் ஏப்ரல்ல போனா அந்த நேரம் அமையலாம். அமைஞ்சா கைல தூக்காதீங்க, மணல்ல தானா நடந்துதான் போகணும்.

அதே அரை நாள்ல முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் முடிச்சுடலாமா?

முடியாது. ரெண்டும் ஒரே ராம்சார் எல்லைக்குள்ள வருது, அதனால பக்கம் பக்கம்னு நினைக்கறாங்க. வண்டில ஒரு மணி நேரத்துக்கு மேல, அங்க ஜாம்பவானோடைலேர்ந்து படகு ஏறணும், அதுக்கே தனியா அரை நாள் வேணும். மறுநாள் காலை வச்சுக்குங்க.

கஜா புயலுக்கு அப்பறம் காடே போயிடுச்சாமே, இனிமே போயி என்ன இருக்கு?

2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறுச்சு. மரம் கொத்துக் கொத்தா சாஞ்சுது, கடல் தண்ணி உள்ள வந்துச்சு, மான் நிறைய செத்துச்சு. எங்க அம்மா ஊருல தென்னை மாமரம் ஒண்ணு விடாம போனப்ப நானும் கோடியக்கரை இனி அவ்வளவுதான்னு நெனச்சேன். அடுத்த தடவை போனப்ப கைடு விழுந்து கிடந்த பாலை மரம் ஒண்ணக் காட்டினார், வேரு பாதி வெளிய, மீதி பாதி மண்ணுக்குள்ள, படுத்தபடியே தண்டு பூரா தளிர் விட்டிருந்துச்சு. பழைய அடர்த்தி இன்னும் வரல, சில எடத்துல மரம் இருந்த எடத்துல கருவேலம் வந்துடுச்சு. ஆனா மான் இருக்கு, பறவை வருது.

ஒரே ஒரு தடவைதான் வர முடியும், வெளிநாட்டுலேர்ந்து வர்றோம். ஒரு தேதி சொல்லுங்க.

பொங்கல் லீவு கூட்டம் கலைஞ்ச பிறகு ஜனவரி மூணாவது வாரம், வார நாள், தை அமாவாசை எப்பன்னு காலண்டர்ல பாத்துட்டு. முடிஞ்சா ரெண்டு காலை வச்சுக்குங்க, ஒண்ணு மழையில போனாலும் இன்னொண்ணு இருக்கும். திருத்துறைப்பூண்டிலேர்ந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023லேர்ந்து மறுபடி ரயில் ஓடுது, ஆனா விடியக்காலம் காட்டுக்குப் போக எப்படியும் வண்டி வேணும், அத வேதாரண்யத்துல பேசிக்கலாம். கைடுக்கு டிசம்பர்லயே ஒரு போன் போட்டு வைங்க, சீசன்ல நல்ல ஆளுங்க காலை எல்லாம் சீக்கிரம் நிரம்பிடும்.